அச்சேறிய பெயர்கள்

நாளேட்டில் தம் பெயர் வருவதை மாந்தர் பெருமையாகக் கருதுவர். தேர்வில் முதலிடம் பெற்ற மகளின் பெயர் வந்த பக்கத்தை நறுக்கி எடுத்து ஆண்டுக்கணக்கில் காக்கும் பெற்றோர் பலர். ஆயின், பெயர் அச்சேறியமையாலேயே வேலையை இழந்தவரும், குடியிருந்த வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவரும், பெற்றோர் முகத்தில் விழிக்க இயலாது ஊரைவிட்டு அகன்றவரும் இருந்தனர். அத்தகையோர் தமக்கெனத் தொடங்கி நடத்திய ஓர் ஏட்டின் வரலாற்றை இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். இதழியல் தொழிலில் இருப்போர் அனைவர்க்கும் அதில் பாடம் உண்டு, வெட்கமும் உண்டு.

அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் அமைந்த சான் பிரான்சிஸ்கோ நகரில் 'டே-புஷ்' என்னும் சிறு விடுதி பின்னிரவிலும் திறந்திருக்கும். தன்பாலீர்ப்பினர் அங்குக் கூடுவது வழக்கம். 1961ஆம் ஆண்டில் ஓரிரவு காவலர் அதனுள் புகுந்து 103 பேரைக் கைது செய்தனர். ஒழுங்கற்ற இடத்துக்கு வந்தனர் என்பதே பெரும்பாலோர்மேல் சாட்டப்பட்ட குற்றம். நகரத்து நாளேடுகள் அவர்களுடைய பெயரையும் முகவரியையும் பார்த்துவந்த வேலையையும் வெளியிட்டன. வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பின்னர் நிலைக்காமற் போயின. வழக்கு விட்டவரை ஊர் விடவில்லை. விசாரணைக்கு முன்பே தண்டனை நிறைவேறியிருந்தது. அதனை நிறைவேற்றியது அச்சுப்பொறி.

எட்டாண்டுகள் கழிந்தும் நிலைமை மாறவில்லை. 'எக்சாமினர்' என்னும் நாளேடு தன்பாலீர்ப்பினர் கூடும் விடுதிகளை இழித்துரைத்துக் கட்டுரைகள் வெளியிட்டது. அதனை எதிர்த்து, 1969 அக்டோபர் 31 அன்று, ஏறத்தாழ அறுபது பேர் அவ்வேட்டின் அலுவலக வாயிலில் அணிவகுத்தனர். மேலிருந்து ஊழியர் சிலர் ஊதா நிற அச்சு மையை அவர்கள்மீது கொட்டினர். நனைந்தவர்கள் மை தோய்ந்த தம் உள்ளங்கைகளை அக்கட்டடத்தின் சுவர்களில் பதித்தனர். காவலர் வந்து கைது செய்தது மை கொட்டியவரையன்று, மையில் நனைந்தவரையே. ஊதாக் கையின் வெள்ளிக்கிழமை என்று அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது. செய்தி எழுதுதற்குரிய மையை மனிதர் தலையில் கொட்டிய அந்த நிகழ்ச்சியைக் காட்டிலும், பெரிய ஏடுகளுக்கும் இச்சிறு சமூகத்துக்கும் இருந்த உறவை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தச் சூழலில்தான் 1971 ஏப்ரல் முதல் நாளில் 'பே ஏரியா ரிப்போர்ட்டர்' பிறந்தது. தொடங்கியவர்கள் பாப் ராஸ், பால் பெண்ட்லி என்னும் இருவர். ராஸ் சமையற்கலைஞர், கொள்கை முழக்கத்தோடு வந்தவர் அல்லர். தன்பாலீர்ப்பினரின் மதுக்கூட உரிமையாளர்கள் 1962இல் அமைத்திருந்த சங்கத்தில் பழகியவர். ஏடு விலையின்றி மதுக்கூடங்களில் வைக்கப்பட்டது. அக்கூடங்களின் விளம்பரமே அதற்கு உணவு. நடன விழா, ஆட்டப் போட்டி, ஊர்ப் பேச்சு ஆகியவையே தொடக்கத்தில் அதன் பக்கங்களை நிறைத்தன. இதழியல் அறிஞர் எவரும் அதனைப் பொருட்படுத்தியிரார்.

அக்காலத்தில் தன்பாலீர்ப்பினரின் உறவு கலிபோர்னியச் சட்டப்படி குற்றமாயிருந்தது என்பதை மறத்தலாகாது. அச்சட்டம் நீங்கியது 1976 சனவரி முதல் நாளில்தான். சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகளாயிருந்தோர், தம் ஊர்ப்பேச்சைத் தம் பெயரோடு அச்சிட்டுக்கொண்டனர். அதுவே அன்று பெருந்துணிவு.

ஊர்ப்பேச்சு விரைவில் அரசியற்பேச்சாயிற்று. கேஸ்ட்ரோ தெருவில் படச்சுருள் கடை வைத்திருந்த ஹார்வி மில்க் இவ்வேட்டில் 'மில்க் ஃபோரம்' என்ற பத்தியை எழுதிவந்தார். மூன்று முறை தேர்தலில் தோற்று, 1977இல் நகரவை உறுப்பினரானார். மறு ஆண்டு நவம்பர் 27 அன்று, நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் அவரும் நகர மன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர் இறந்தபின் உலகம் அறிந்துகொண்ட கருத்துகளை, இறக்குமுன் இச்சிற்றேட்டின் வாசகர் படித்திருந்தனர்.

இனி இவ்வேட்டின் வரலாற்றில் மிகக் கொடிய காலத்துக்கு வருவோம். 1981 சூன் 5 அன்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்க்கு அரியதொரு நுரையீரல் அழற்சி கண்டதைப் பதிவு செய்தது. எய்ட்ஸ் எனப் பின்னர் பெயர்பெற்ற நோயைப் பற்றிய முதல் அலுவல்முறை அறிக்கை அது. அடுத்து வந்த ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ நகரில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் முப்பதும் நாற்பதும் வயதினர்.

அவர்களுடைய சாவைப் பெரிய நாளேடுகளில் எழுதியவர் பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தார். பலர் நோயின் பெயரை மறைத்து, நெடுநாள் நோயுற்றிருந்தார் என்று எழுதினர். பத்தாண்டு உடன் வாழ்ந்து, இறுதி நாள்களில் உணவூட்டி, உடை மாற்றிய துணைவரின் பெயர் அக்குறிப்பில் இராது. 'நியூயார்க் டைம்ஸ்' போன்ற பேரேடு 'கே' என்னும் சொல்லையே 1987 வரை தன் நடையில் ஏற்கவில்லை எனின், ஏனையவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இறந்தோர்க்கு இடம் தந்தது மதுக்கூடத்து ஏடுதான். நண்பரும் துணைவருமே எழுதியனுப்பிய இரங்கற் குறிப்புகளை அது வெளியிட்டது. சிறு முகப்படம் ஒன்று. அதன்கீழ்ப் பிறந்த ஊர், செய்த தொழில், பாடிய குழு அல்லது வளர்த்த தோட்டம், உடனிருந்த துணைவரின் பெயர். குறிப்புகள் பெருகிப் பெருகி இடம் போதாமற்போன நிலையில், ஒவ்வொன்றும் 200 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்றும், பாட்டெழுதி அனுப்ப வேண்டா என்றும் ஆசிரியர் குழு விதி வகுத்தது. படிக்குங்கால் நெஞ்சை அடைக்கும் விதி இது. துயரத்துக்கே சொல்லெண்ணிக்கை வகுக்க நேர்ந்த ஓர் அலுவலகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1989 நவம்பரில், ஓராண்டில் மறைந்தோரின் முகங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி வெளியிட்டது அவ்வேடு. வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டிய மரபினராகிய நாம் அப்பக்கங்களின் பொருளை எளிதில் உணர்வோம்.

1961இல் இதே நகரில் இதே மாந்தரின் பெயர்கள் அவரை அழிப்பதற்காக அச்சிடப்பட்டன. பின்னர் அவரை மறவாமைக்காக அச்சிடப்பட்டன. மையும் தாளும் ஒன்றே, அச்சிட்டவர் வேறு. ஒரு சமூகம் தனக்கென ஓர் ஏடு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய வாதம் நாம் அறியோம்.

அவ்வேடு குற்றமற்றது என நாம் கூற வரவில்லை. நோய் பரவிய முதலாண்டுகளில் அது தயங்கியது. அச்சத்தைக் கிளப்பலாகாது என்ற எண்ணம் எச்சரிக்கையை விஞ்சி நின்றது. நோய் பரவுதற்கு வாயிலாயிருந்த குளியற்கூடங்களை மூடுவது பற்றி 1984இல் பெரும்பூசல் எழுந்தபோது, மூட வேண்டும் என்ற தன் சமூகத்தவரையே அது கடுமையாகச் சாடியது. உரிமையை மீண்டும் பறிக்க அரசு தேடிய சாக்கு இது என்ற அச்சம் பொய்யானதன்று. காவலர் கொடுமையைக் கண்டவர்கள் அவ்வேட்டினர். எனினும், அக்கூடங்கள் விளம்பரதாரராகவும் இருந்தன என்பதை வரலாறு குறித்தே வைத்திருக்கிறது. ஆடவரின் மதுக்கூட உலகையே அவ்வேடு நெடுங்காலம் சுற்றிவந்தது என்ற குறையும் உண்டு. இக்குறைகளையெல்லாம் இன்று நாம் அறிவது எவ்வாறு? அவ்வேட்டின் பக்கங்களிலிருந்தே அறிகிறோம். கண்டனக் கடிதங்களையும் அது அச்சிட்டது. தன் பிழைக்குத் தானே சான்று விட்டுச்செல்லும் ஏடு நம்பத்தக்க ஏடு.

1996 முதல் கூட்டு மருந்துகள் வழக்கிற்கு வந்தன. சாவு குறையத் தொடங்கியது. 1998 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை. இரங்கற் குறிப்பு இல்லை என்னும் பொருளில் இரண்டே சொற்கள் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளிவந்தன. பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக, எய்ட்ஸ் நோயால் இறந்தவர் எவரைப் பற்றியும் அவ்வாரம் குறிப்பு வரவில்லை. எதுவும் வரவில்லை என்பதே தலைப்புச் செய்தியான அருமை இதழியலில் அடிக்கடி நிகழ்வதன்று. நோய் ஒழியவில்லை, பின்வந்த வாரங்களில் குறிப்புகள் மீண்டும் வந்தன. எனினும், உலகெங்குமுள்ள செய்தியாளர் அவ்விரு சொற்களை எடுத்தாண்டனர். வாரந்தோறும் எண்ணிவந்த ஏட்டுக்கன்றி வேறு எதற்கும் அத்தலைப்பை இடும் தகுதி இல்லை.

பாப் ராஸ் 2003இல் மறைந்தார். ஏடு நிலைத்தது, பழைய இதழ்களும் நிலைத்தன. அவை தாமாக நிலைக்கவில்லை. 1985இல் அந்நகரில் தோன்றிய தன்பாலீர்ப்பினர் வரலாற்றுக் கழகத்தின் வேர், தனியொருவர் தம் இல்லத்தில் சேர்த்துவைத்த இதழ்த்தொகுப்பில் இருந்தது. பிறர் குப்பையில் இட்ட தாள்களை அவர் அடுக்கிவைத்தார். அவ்வேட்டில் வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரங்கற் குறிப்புகளைத் தன்னார்வலர் உழைப்பால் தொகுத்து, பெயர் கொண்டு தேடுமாறு 2009இல் அக்கழகம் வெளியிட்டது. 1971 முதல் 2005 வரையிலான இதழ்கள் மின்வடிவில் 2018இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. வரலாற்றாசிரியர் ஒருவர் அந்நகரின் அக்கால வாழ்வை எழுதப் புகுந்தால், முதலில் திறக்க வேண்டிய கதவு அதுவே.

இன்று இத்தகைய ஏடுகள் நலிந்துவருகின்றன. 1969இல் ஒற்றைத் தாளாகத் தொடங்கிய 'வாஷிங்டன் பிளேடு' ஏட்டை அதன் உரிமை நிறுவனம் 2009 நவம்பர் 16 அன்று திடுமென மூடியது. வேலை இழந்த செய்தியாளர் நான்கே நாளில் வேறு பெயரில் புதிய ஏடு கொணர்ந்தனர். மறு ஆண்டு பழைய பெயரையும் மீட்டனர். கொரோனா பரவிய 2020இல் விளம்பரம் வற்றியபோது 'பே ஏரியா ரிப்போர்ட்டர்' தன் வாசகரிடமே கையேந்தியது, வாசகர் கைவிடவில்லை. ஆயினும், எல்லா ஊரிலும் அத்தகைய வாசகர் திரள் இராது.

பெரிய ஏடுகளே இன்று இம்மக்களைப் பற்றி மதிப்போடு எழுதுகின்றன; தனி ஏடு எதற்கு என வினவுவோர் உளர். அவர்க்கு ஒன்று சொல்வோம். கொலையுண்ட திருநர் ஒருவரைப் பற்றிக் காவல்துறை தரும் குறிப்பில் அவர் துறந்த பழைய பெயரே இருப்பதுண்டு. பெரிய ஏடுகள் அதனை அப்படியே வெளியிட்டமை அமெரிக்காவில் பலமுறை நடந்தது. அவர் விரும்பி ஏற்ற பெயரைக் கேட்டறிந்து எழுதத் தெரிந்தவர் அவரோடு வாழ்ந்த சமூகத்தின் செய்தியாளரே. விழா நாளன்று மட்டும் வந்து படம் எடுத்துச் செல்பவர்க்கு அது தெரியாது.

ஆகவே இதழாசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இது: கைதானவர் பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் 1961ஐ நினையுங்கள். நூலகப் பொறுப்பாளர்களுக்கு: விலையில்லா ஏடு மதிப்பில்லா ஏடு அன்று, அதனையும் அட்டையிட்டுக் காத்து வையுங்கள். வாசகர்களுக்கு: உங்கள் சமூகத்தைப் பற்றி உங்கள் சமூகமே நடத்தும் ஏடு எதுவாயினும், அதன் சந்தாவை இன்றே செலுத்துங்கள். நின்றுபோன ஏட்டுக்குப் பின்னர் எழுதும் இரங்கலால் பயனில்லை.