மாநில எல்லையைத் தாண்டும் கைவினைப் பொருள்: வரிப் பதிவு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இணையச் சந்தைகளின் வழியே பல மாநிலங்களில் பொருள் விற்கும் சிறு விற்பனையாளருக்கு எளிய பதிவு முறை ஒன்று வகுக்கப்படும் என்பதை, சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் 2025 செப்டம்பர் 3 அன்று தொடங்கிய தன் 56ஆவது கூட்டத்தில் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. அதைத் தொடர்ந்து, நம் குறை தீர்ந்தது, இனி மனுப்போடும் வேலை வேண்டாம் என்று உறுப்பினரில் ஒரு சாராரும், தீர்ந்தது எதுவுமில்லை என்று மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றமையால், செயற்குழு தன் நிலையைத் தெளிவாகச் சொல்லவேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது.

வரி வேண்டாம் என்று இச்சங்கம் ஒருபோதும் கேட்டதில்லை; இன்றும் கேட்கவில்லை. பொழுதுபோக்காகச் செய்வது, தொழிலாகச் செய்வது என்ற பேதத்தை 2017ஆம் ஆண்டுச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் அங்கீகரிக்கவில்லை என்பதையும், லாப நோக்கம் இல்லாவிடினும், விற்பனை எப்போதோ ஒருமுறை நடப்பதாயினும் அதுவும் வியாபாரமே என்று அதன் 2ஆம் பிரிவு வரையறுத்திருப்பதையும் அறிந்தே பேசுகிறோம். வருமான வரியைப் பொறுத்தமட்டில் எங்களுக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. இணையச் சந்தை நடத்துவோர் செய்யும் பிடித்தம் 2024 அக்டோபர் முதல் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் விற்கும் தனிநபர் பான் அல்லது ஆதார் எண்ணைத் தந்திருந்தால் அந்தப் பிடித்தமும் இல்லை.

எங்கள் ஆட்சேபம் மாநில எல்லையைப் பற்றியது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை என்பது பொது விதி. இணையச் சந்தையில் விற்பவருக்கு மட்டும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம் என்றிருந்த நிலை, 2023 ஜூலை 31ஆம் தேதியிட்ட 34ஆம் எண் அறிவிக்கையால், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டது. ஆனால் பிற மாநிலத்துக்கு ஒரு பொருளும் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையுடனேயே அந்தத் தளர்வு தரப்பட்டது.

இந்த நிபந்தனை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு நம் உறுப்பினர் பலர் வசிக்கும் கடலூரையே எடுத்துக்கொள்ளலாம். மஞ்சக்குப்பத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தையற்கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளைப் பொறுக்கி, பஞ்சு அடைத்து, கண்ணும் மூக்கும் நூலால் பின்னி, 300 ரூபாய்க்கு ஒரு பொம்மை விற்கும் பெண்மணி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கன்னியாகுமரிக்கு இணையச் சந்தையின் மூலம் அதைப் பதிவின்றி அனுப்பலாம். டவுன் பஸ் போகும் தூரத்திலுள்ள புதுச்சேரிக்கு அனுப்ப இயலாது. நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலுக்கு அனுப்ப இயலாது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்ப இயலாது. காலையில் பால் வாங்கவும் மாலையில் உறவினரைப் பார்க்கவும் ஜனங்கள் சகஜமாகக் கடந்துசெல்லும் இந்த எல்லைகளை, ஒரு துணிப் பொம்மை கடக்கும்போது மட்டும் அரசாங்கம் கதவடைத்து நிற்பானேன்? தேசம் முழுவதையும் ஒரே சந்தையாக்குவதே இவ்வரியின் உத்தேசம் என்று 2017 ஜூலை 1 முதல் சொல்லிவந்தவர்கள், அந்தச் சந்தையின் வாசலை மிகச் சிறியவருக்கு மட்டும் மாநிலம் மாநிலமாகத் தடுத்து வைத்திருப்பது எங்களுக்கு அநியாயமாகவே படுகிறது. இதைக் காட்டிலும் மிதமான ஒரு சொல்லைச் செயற்குழுவில் சிலர் விரும்பினர். அப்படியொரு சொல் அகப்படவில்லை.

பதிவு செய்துகொண்டால்தான் என்ன என்று கேட்போர் உண்டு. ஆண்டுக்கு முப்பது, நாற்பது பொம்மை விற்பவருக்குப் பதிவு என்பதன் அர்த்தம் வேறு. நூற்றுக்கு ஒன்று மட்டும் செலுத்தி ஒதுங்கிக்கொள்ளும் இணக்க வரி முறை, வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புவோருக்குக் கிடையாது. ஆகவே அவர் முழு வரிமுறைக்குள் வந்தே ஆகவேண்டும். பதிவு பெற்ற நாளிலிருந்து உள்ளூரில் விற்கும் பொம்மைக்கும் வரி போடவேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். அந்த வெற்றுக் கணக்கைத் தாமதித்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் கட்டணம் ஏறும். கணக்கரின் கூலியும் சேர்ந்தால் பொம்மையில் மிஞ்சுவது போய்விடும். கைப்பொம்மை மீதான வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததை வரவேற்கிறோம். எனினும் அவரை நசுக்குவது வரி விகிதமன்று.

கைவினைப் பொருளுக்கென்று 2018 அக்டோபரில் ஒரு சலுகை தரப்பட்டதே என்று அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறார்கள். மெய்தான், பட்டியலில் உள்ள கைவினைப் பொருளை, தஞ்சாவூர் ஓவியமானாலும் துணிப் பொம்மையானாலும், 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவின்றிப் பிற மாநிலத்துக்கு விற்கலாம். ஆயின் அந்தச் சலுகை நேரடியாக விற்பவருக்கே பயன்படுகிறது. அதே பொம்மை இணையச் சந்தையின் வழியே போனால் பதிவு கட்டாயமாகிறது. நேரடியாக விற்பதிலும் ஒரு விசித்திரம் உண்டு: மற்ற வியாபாரிகளுக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கே தேவைப்படும் ஈ-வே பில் என்னும் மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு, பதிவு விலக்குப் பெற்ற கைவினைஞர் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பும் பொருளுக்கு, அதன் மதிப்பு எவ்வளவாயினும் வேண்டும் என்று 138ஆம் விதி சொல்கிறது. லாரி நிறைய இரும்புக் கம்பி ஏற்றுபவருக்கு உள்ள 50,000 ரூபாய் வரம்பு, 300 ரூபாய்ப் பொம்மையைக் கூரியரில் போடும் பெண்ணுக்கு இல்லை! சலுகை என்ற பெயரில் கொடுக்கப்பட்டது, பெரியவருக்கும் இல்லாத சுமையாக முடிந்திருக்கிறது. விதியை எழுதியவர்கள் ஒருமுறையாவது ஒரு கூரியர் நிலையத்தின் பார்சல் வரிசையில் நின்றிருந்தால் இந்த வாசகம் அச்சேறியிருக்காது.

2025 செப்டம்பரில் கொள்கையளவில் ஏற்கப்பட்ட எளிய பதிவு முறை இக்குறைகளைத் தீர்க்குமா என்பதே விவாதம். ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி வியாபார இடம் வைத்துக்கொள்ள இயலாதவரின் கஷ்டத்தைக் கருதியே அது முன்மொழியப்பட்டது என்பது மன்றத்தின் அறிவிப்பிலிருந்தே விளங்கும். நமக்கு இருப்பது ஒரே இடம், அது வீடு. ஆகவே அதனால் நமக்கு நேரடி நன்மை கிடைக்கும் என்று கருத ஆதாரம் போதாது என்பது பெரும்பான்மையோர் அபிப்பிராயம். கிடைக்கக்கூடும் என்ற மாற்றுக் கருத்தும் பதிவு செய்யப்படுகிறது. 2022 ஜூனில் சண்டிகரில் நடந்த 47ஆவது கூட்டத்தில் கொள்கையளவில் ஏற்கப்பட்ட மேற்சொன்ன தளர்வு அமலுக்கு வர 2023 அக்டோபர் வரை பிடித்தது என்பதையும் மறக்கலாகாது.

பதிவு பெற்றவரின் வியாபார முகவரியை எவரும் இணையத்தில் பார்க்கலாம் என்பதும், வாடகை வீட்டின் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் தர மறுப்பதும், தனியே வசிக்கும் பெண்களுக்குக் கடும் சிரமமாகியுள்ளன. இதுபற்றித் தனி மனு அனுப்பப்படும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்பியதற்குப் பின், நம்மவரில் சிலர் ரொக்கத்துக்கு மாறலாம் என்கிறார்கள். சங்கத்தால் அந்த யோசனையை ஆதரிக்க இயலாது.

ஆகவே செயற்குழு இயன்றவரை ஒருமித்த முறையில் ஏற்ற கோரிக்கைகள் இவை. 34ஆம் எண் அறிவிக்கையிலுள்ள வெளிமாநிலத் தடை, கைவினைப் பொருளைப் பொறுத்தமட்டிலாவது, 20 லட்சம் ரூபாய் வரம்புடன் நீக்கப்படவேண்டும். கைவினைப் பொருளுக்கான ஈ-வே பில் மற்ற சரக்குகளைப் போலவே 50,000 ரூபாய்க்கு மேல்தான் தேவை என்று விதி திருத்தப்படவேண்டும். மன்றத்தில் அங்கம் வகிக்கும் தமிழ்நாட்டு அரசும் புதுச்சேரி அரசும் இதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கோரவேண்டும்; தங்கள் எல்லை தங்கள் மக்களையே பிரிக்கிறது என்பதை அவர்களைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்?

அதுவரை, பதிவு பெறாத உறுப்பினர், சரக்கு மற்றும் சேவை வரித் தளம் தரும் சேர்க்கை எண் கிடைத்த பிறகே இணையச் சந்தையில் விற்கத் தொடங்கவேண்டும். வெளிமாநில ஆர்டரை வேறொருவர் பெயரில் அனுப்பும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றோடு நிறுத்தப்படவேண்டும். விற்பனைத் தேதி, பொருள், தொகை, பெறுபவரின் மாநிலம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவரவேண்டும். வரித் துறையிடமிருந்து அறிவிப்பு வந்தவர்கள் பதில் எழுதுமுன் அதன் நகலைச் செயலாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

— செயற்குழுவின் ஒப்புதலுடன்