ஒரே தடத்தில் ஓடினால் புத்தி வளருமா?

பள்ளி விட்டு வரும் பிள்ளையை மாலையில் இன்னொரு வகுப்பில் கொண்டுபோய் விடுவது கோவை நடுத்தரக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அபாகஸ், நினைவாற்றல் பயிற்சி, மூளைத் திறன் வகுப்பு என்று காந்திபுரத்தைச் சுற்றி விளம்பரங்களுக்குக் குறைவில்லை. கணக்கில் வேகம் வந்தால் போதும் என்று மட்டும் நினைத்துப் பெற்றோர் பணம் கட்டுவதில்லை. பிள்ளையின் புத்தியே மொத்தமாகக் கூர்மையாகிவிடும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா?

குஜராத்தின் வதோதராவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 204 பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் அபாகஸ் மனக்கணக்கு கற்றுக்கொடுத்தார்கள். 2016-ல் வெளிவந்த முடிவின்படி, கற்றவர்கள் கணக்கில் முந்தியிருந்தார்கள். ஆனால், தகவல்களை நினைவில் தாங்கி வேலை செய்வது போன்ற பொதுவான அறிவுத் திறன்களில் பயிற்சியால் மாற்றம் ஏதும் வரவில்லை. 2010-ல் பிபிசியோடு சேர்ந்து பிரிட்டனில் நடத்திய ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தார்கள். எந்த விளையாட்டை விளையாடினார்களோ அதில் தேறினார்கள். வேறு வேலைகளுக்கு அந்தத் தேர்ச்சி வந்து சேரவில்லை. புத்தியைப் பொதுவாகத் தீட்டித் தருகிறோம் என்று சொல்லி விற்கப்படுவதைப் பெற்றோர் வாங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. அபாகஸ் கற்கும் பிள்ளைக்குக் கணக்கு வரும். அதற்காக அனுப்பினால் சரி.

அதற்காக, அன்றாட வாழ்க்கை மூளையை மாற்றுவதே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மாற்றுகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தினமும் நிற்பவர்களுக்கு உடனே புரியக்கூடிய ஒன்று. லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் பெற வேண்டுமானால், சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும் படிப்பு அது. எலினார் மக்வயர் என்ற மூளையியல் ஆய்வாளர் இவர்களை ஆராய்ந்து, இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி இவர்களுக்குப் பெரிதாக இருப்பதாக 2000-ல் காட்டினார். ஒருவேளை பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தான் டாக்ஸி ஓட்ட வந்தார்களோ? அதற்கும் 2011-ல் பதில் கிடைத்தது. பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலிருந்தே கவனித்தார்கள். தேறியவர்கள் 39 பேர். அந்தப் பகுதி வளர்ந்திருந்தது அவர்களுக்கு மட்டும்தான்.

இடையில் 2006-ல் வந்த ஆய்வைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அதில் மக்வயரின் குழு டாக்ஸி ஓட்டுநர்களை லண்டன் பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டது. அதே நகரம், அதே நெரிசல், அதே அளவு ஓட்டுநர் அனுபவம். ஆனால் பஸ்ஸுக்கு நிலையான தடம் உண்டு. டாக்ஸிக்காரர் ஒவ்வொரு சவாரிக்கும் புதிதாக வழி யோசிக்க வேண்டும். பஸ் ஓட்டுநர்களின் மூளையில் அந்த வளர்ச்சி இல்லை. பணி ஆண்டுகள் கூடக் கூட அது வரவும் இல்லை.

பஸ் ஓட்டுநரைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உக்கடத்து நெரிசலில் பஸ்ஸைச் சேதமில்லாமல் கொண்டுபோகும் திறமை வேறு, அதற்கு வணக்கம். ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: பழக்கம் என்பதாலேயே அது புத்தியைத் தீட்டிவிடாது. பழக்கத்துக்குள் யோசிக்க வேண்டிய சிக்கல் இருந்தாக வேண்டும். தீட்டப்பட்டதும் அந்த இடத்தில் மட்டும்தான் கூர்மை. அதே டாக்ஸி ஓட்டுநர்கள் வேறு சில நினைவுச் சோதனைகளில் பஸ் ஓட்டுநர்களை விடப் பின்தங்கினார்கள். நம் நாட்டிலும் இதே கதைதான். டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஆராய்ந்து 2025-ல் எழுதினார்கள். எடையும் விலையும் சொன்னால் நொடியில் மனக்கணக்குப் போடும் அந்தப் பிள்ளைகள், பள்ளிப் புத்தகக் கணக்கைத் தாளில் கொடுத்ததும் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

கொங்கு நாட்டுக்காரர்கள் இதை ஜி.டி.நாயுடுவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டு, தானே ஓட்டினார். 1937-ல் பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். பிறகு சவர பிளேடு, பருத்தி, பப்பாளி என்று போனார். அவருடைய மேதைமையைப் பேசுகிறவர்கள், ஒரே வேலையில் அவர் தங்கவே இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நாயுடு ஒருவர்தான். ஆனால் அவரைப் போலக் கழற்றிப் பூட்டிக் கற்கும் வாய்ப்பு பலருக்கும் கிடைத்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது, மோட்டார் வந்ததும் காயில் கட்டும் பட்டறைகள் வந்தன. எரிந்துபோய் வருகிற ஒவ்வொரு மோட்டாரும் ஒவ்வொரு மாதிரி. பேரிங் போனதா, தண்ணீர் இறங்கியதா, வோல்டேஜ் குறைந்ததா என்று ஊகிக்க வேண்டும், பிரித்துப் பார்க்க வேண்டும். ஊகம் தப்பு என்றால் அன்று மாலைக்குள் மோட்டாரே காட்டிக்கொடுத்துவிடும். ஊகமும் உடனடித் தீர்ப்பும் இப்படி அடுத்தடுத்து வரும் வேலை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

ஊர் முழுக்கத் தொழில் நடப்பதால் ஊர் முழுக்கப் புத்தி வளர்கிறது என்றும் சொல்ல முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காருபவர் ஓவர்லாக்கிலேயே இருக்கிறார். அவருக்கு உதவியாளராக இருக்கும் கைமடி கைமடியாகவே இருக்கிறார். நாள் முழுக்க ஒரே தையல், அடுத்த நாளும் அதே தையல். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த மெஷினைக் கழற்றிப் பழுது பார்க்க வருபவர் பெரும்பாலும் ஆண். சில எளிய வேலைகளையே வாழ்நாளெல்லாம் செய்பவரின் அறிவு மங்கிப்போகும் என்று, வேலைப் பிரிவினையின் லாபத்தை விளக்கிய ஆடம் ஸ்மித்தே 1776-ல் எச்சரித்தார். பொழுது விடிந்தது முதல் இரவு வரை ஷிப்டு பார்ப்பவரிடம் குறுக்கெழுத்துப் போடுங்கள், புது மொழி கற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்வது அநியாயம். ஆளை மாற்றி மாற்றி எல்லா மெஷினிலும் உட்கார வைப்பதும், ஓட்டுபவருக்கே பழுது பார்க்கக் கற்றுத்தருவதும் முதலாளிகள் செய்ய வேண்டியவை. உற்பத்தி கொஞ்சம் குறையும். குறையட்டும்.

கையில் இருப்பதையே நாம் நழுவ விடுவதும் உண்டு. கோவையில் எத்தனையோ வீடுகளில் உள்ளே தெலுங்கு அல்லது கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதித்தே வந்திருந்தது; எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படித்தான். இது மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. மொழிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவும் இல்லை. ஆனாலும், ஆங்கிலத்துக்குத் தடங்கலாகிவிடும் என்று பாட்டியின் மொழியைப் பிள்ளையிடம் பேசாமல் நிறுத்திவிட்டு, மூளைப் பயிற்சிக்குப் பணம் கட்டும் குடும்பங்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நாயுடு 1945-ல் முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியின் பெயர் அவிநாசி ரோட்டில் 'ஹோப் காலேஜ்' நிறுத்தமாக மிஞ்சியிருக்கிறது. பொறியியலுக்கு நான்கு ஆண்டு வகுப்பறை வீண், காலத்தைச் சுருக்கிக் கையில் வேலையைக் கொடுங்கள் என்று கேட்டார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அவர் கேட்டதை இப்போது வேறோர் இடத்தில் செய்து பார்க்கலாம். காந்திபுரத்தை அடுத்த அனுப்பர்பாளையத்தில் நூலகத்தோடு அறிவியல் மையமும் அமைக்க 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே பொத்தானை அழுத்திப் பார்க்கும் காட்சிகளுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை, பிள்ளைகள் கழற்றிப் பூட்டும் பட்டறைக்கு ஒதுக்க வேண்டும். பழைய மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் எடைக்குக் கிடைக்கும். சொல்லித்தர ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் டர்னர்களும் பீளமேட்டிலும் கணபதியிலும் இருக்கிறார்கள். பூட்டத் தெரியாமல் பிள்ளை பாதியில் விட்டுப் போனால், மறுவாரம் வந்து தொடரும்வரை அந்த மோட்டார் அதே மேஜையில் கிடக்க அனுமதிக்க வேண்டும்.