அந்தத் தடுமாற்றம் இருக்கட்டுமே!

டேப் ரெக்கார்டர் இருந்த வீடுகளில் இப்படி ஒரு கேசட் கட்டாயம் இருக்கும். சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு குழந்தை திருக்குறள் சொல்லும். நாலாவது சீரில் மறந்துபோய் நிற்கும். பின்னால் குக்கர் விசில், அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும் அம்மாவின் குரல், யாரோ சிரிப்பது... எல்லாம் பதிவாகியிருக்கும். (மேலே பதியக்கூடாதென்று கேசட்டின் ஓரத்துப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்தால், அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டிப் பதிந்த கில்லாடிகளும் உண்டு!)

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய இந்த வகைக் கேசட்டுகளின் நாடாவில் இப்போது பூஞ்சை பிடிக்கிறது. அதனால் கணினிக்கு மாற்றி வைப்பது நல்லது. ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், ஓடுகிற ஒரு பிளேயர் போதும். ஆனால் 60 நிமிடக் கேசட்டை மாற்ற 60 நிமிடம் ஆகும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சிக்கல் அதன் பிறகுதான். யாரும் பேசாத ஒரு இடத்தைக் காட்டினால், மென்பொருள் அந்த இரைச்சலைப் புரிந்துகொண்டு கேசட் முழுக்கக் குறைத்துவிடும். இது சரி. அடுத்து, திக்கிய இடத்தையும் வெட்டிவிடலாமே என்று கை பரபரக்கும். ஏற்கனவே தன் குரல் தனக்கே பிடிக்காது. பேசும்போது மண்டை எலும்பு வழியாகவும் நம் குரல் நமக்குக் கேட்கிறது. பதிவில் அது இல்லாததால் குரல் மெலிந்து, யாருடையதோ போல ஒலிக்கிறது. அதோடு இந்தத் திக்கல் வேறா என்று வெட்கம்!

ஆனால் அம்மா பேசுவது அந்த இடைவெளியில்தானே? குழந்தை தடுமாறாமல் சொல்லியிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார். தடுமாற்றத்தை வெட்டினால் அவரும் போய்விடுவார். அவர் இப்போது உயிரோடு இல்லாத வீட்டில், மிச்சமிருப்பது அந்த மூன்று விநாடிதான் என்றால்?

புகைப்படத்திலும் இதே கதைதான். 2023-ல் வந்த கூகுள் பிக்சல் 8 போன், கண் மூடியவரின் முகத்தை அடுத்தடுத்து எடுத்த வேறு படத்திலிருந்து எடுத்துப் பொருத்தித் தருகிறது. படம் அழகாக இருக்கும். ஆனால் எல்லோரும் கண் திறந்திருந்த அப்படி ஒரு நொடியே நடக்கவில்லை. கணக்குப் பதிவியலில்கூட, தவறாக எழுதிய பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. திருத்தப் பதிவு ஒன்றைத் தனியாகப் போடுவார்கள், தவறும் ஏட்டில் அப்படியே இருக்கும்.

இரைச்சல் குறைத்த பிரதியைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள். குக்கர் விசிலோடு, கை வைக்காத பிரதி ஒன்றும் தனியாக இருக்கட்டும். கேசட்டின் மேல் யார் கையெழுத்திலாவது தேதி இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும்!