நடுவயதும் நடுச்சாமமும்

வயது ஏறுகின்றது என்பதை மனிதனுக்கு முதலில் அறிவிக்கும் தூதுவன் நரைமயிர் என்பர். மூக்குக்கண்ணாடியே அத்தூதுவன் என்பாரும் உளர். இவ்விரண்டினும் உண்மையான தூதுவன் ஒருவன் இருக்கின்றான். அவன் இரவு 3 மணிக்கு வருகின்றான். படலையைத் தட்டுவதில்லை, பெயர் சொல்லி அழைப்பதுமில்லை. கண் திறக்கின்றது, அவ்வளவுதான். வீட்டார் உறங்குகின்றனர், ஊர் உறங்குகின்றது. விழித்தவன் மட்டும் கூரையை நோக்கிக் கிடக்கின்றான். மகளின் கலியாணம், வங்கிக் கடன், என்றோ ஒருவர் சொன்ன சுடுசொல் ஆகிய யாவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிலருகே வந்து நிற்கின்றன.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருள் இவ்வனுபவம் இல்லாதவர் சிலரே. ஆயினும், இதனைப் பற்றி நாம் பேசுவதில்லை. எங்கள் ஆசிரியர் அறையிலே சலரோகத்தைப் பற்றிப் பேசுவோம். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவோம். இளைப்பாறும் ஆண்டைக் கணக்கிடுவோம். "இரவு நித்திரை இல்லை, சேர்" என்று ஒருவர் தொடங்கினாலோ, "வயது போகுது, என்ன செய்யிறது" என்ற ஒரு வாக்கியத்தோடு அப்பேச்சு முடிந்துவிடும். இவ்விழிப்பை நோயென்று அஞ்சுவதும் பொருந்தாது. ஞானமென்று போற்றுவதும் பொருந்தாது. பக்கத்திற் படுத்திருப்பவருக்கும் தெரியாமல் அதனை மறைத்து வாழ்வது இவ்விரண்டினும் தீது. இதுவே இங்கு நான் சொல்ல விரும்புவது.

முதலிலே இந்நேரத்தின் பெயரைத் திருத்திக்கொள்வோம். நாம் அதனை 'நடுச்சாமம்' என்கின்றோம். ஒரு நாளை அறுபது நாழிகையாக்கி, பத்து நாழிகைக்கு ஒன்றாக ஆறு சிறுபொழுதுகள் என நாமே மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அக்கணக்கின்படி யாமம் இரவு 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிந்துவிடுகின்றது. அதன்பின் வருவது வைகறை. ஆகவே, 3 மணிக்கு விழித்தவன் நள்ளிரவில் விழித்தவனல்லன், வைகறையில் விழித்தவன். தொல்காப்பியர் யாமத்தைக் குறிஞ்சிக்கும், வைகறை விடியலை மருதத்துக்கும் வகுத்தார். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். நடுவயதினன் அந்நேரத்திலே தன்னோடுதானே ஊடுகின்றான் என்று சொன்னால் இலக்கணம் அறிந்தோர் சிரிக்கலாம், மறுக்கமாட்டார்.

இனி, உடம்பின் நியாயத்தைப் பார்ப்போம். நித்திரை ஒரே சீராக ஓடும் ஆறன்று. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக அது ஆழ்ந்தும் மேலெழுந்தும் செல்கின்றது. ஆழ்ந்த நித்திரையின் பெரும்பகுதி இரவின் முதற் கூற்றிலேயே முடிந்துவிடுகின்றது. பிற்கூற்றில் நித்திரை மெலிந்து கனவு மிகுகின்றது. விடியலை நோக்கிக் கோட்டிசோல் என்னும் சுரப்பு ஏறத் தொடங்குகின்றது. இளைஞனும் சுற்றுக்குச் சுற்றுச் சிறிது விழிக்கின்றான். விழித்ததை அறியாமலே மீண்டும் அமிழ்ந்துவிடுகின்றான். வயது ஏற ஏற ஆழ்ந்த நித்திரை குறைகின்றது. ஆதலால் சிறு விழிப்பும் முழு விழிப்பாகின்றது. 30 வயது முதல் 60 வயது வரை, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 நிமிடமாக இடைவிழிப்பு நேரம் கூடுகின்றது என்று, பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. இது பழுதன்று, தேய்மானம்.

மேனாட்டு வரலாற்றாசிரியர் ரொஜர் எகேர்ச் என்பவர் 2001-இல் ஒரு கட்டுரையும் 2005-இல் ஒரு நூலும் எழுதினார். மின்விளக்கு வருமுன் ஐரோப்பியர் இரவை இரண்டு நித்திரைகளாகப் பிரித்து, இடையே எழுந்து செபித்தும் உரையாடியும் வேலை செய்தும் மீண்டும் படுத்தனர் என்பது அவர் காட்டிய செய்தி. 1992-இல் அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் வெர் சிலரை நாள்தோறும் 14 மணி நேரம் இருளில் வைத்துப் பார்த்தபோது, அவர்களது நித்திரையும் இரண்டாகப் பிரிந்தது. இவற்றைக் கேட்ட சிலர், இடைவிழிப்பே மனிதனின் இயல்பு என்று முழங்கத் தொடங்கினர். ஆனால், 2015-இல் தன்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்னொளி இன்றி வாழும் மூன்று சமூகங்களை ஆராய்ந்தவர்கள் அங்கே அவ்வாறான இரட்டை நித்திரையைக் காணவில்லை. ஆகவே, 'எல்லோரும் ஒரு காலத்தில் இப்படித்தான் உறங்கினர்' என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. வாழும் முறைக்கு ஏற்ப நித்திரை வளைந்து கொடுக்கும் என்ற அளவிலே நிற்பதே நேர்மை.

அவ்வாறாயின், எங்கள் குடாநாட்டின் இரவுகள் எத்தகையன? துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த காலத்திலே, வெயில் ஏறுமுன் இறைப்பு முடியவேண்டும் என்று விடியப்புறமே கிணற்றடிக்குப் போயினர் எம் பாட்டன்மார். குருநகரிலும் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் கடற்றொழிலாளர்க்கு இரவே தொழில் நேரம். மார்கழியிலே திருவெம்பாவை பாடுவோர் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஒழுங்கைதோறும் வருவர். சிவராத்திரியிலே கீரிமலையில் நான்கு சாமமும் கண்விழித்திருப்பர். நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டத்தைக் காணப் பாயோடு போய் விடியும்வரை இருந்தவர் கதைகளை இன்றும் கேட்கலாம். மாணவப் பருவத்தில் நானும் என் தோழரும் விடியப்புறம் 4 மணிக்கு எழுந்து படித்தோம்; அதனை எவரும் நித்திரைக் குறைவு என்று சொல்லவில்லை; கெட்டித்தனம் என்றே சொன்னார்கள். வேலைக்காகவும் வழிபாட்டுக்காகவும் கலைக்காகவும் படிப்புக்காகவும் விழித்திருந்தவனுக்குத் துணை இருந்தது, காரணமும் இருந்தது. இன்று விழிப்பவனுக்குத் துணையுமில்லை, காரணமும் தெரிவதில்லை.

ஆனால், இத்தகைய நினைவுகளோடு மட்டும் நின்றுவிட்டால் நான் உண்மையின் பாதியை மறைத்தவனாவேன். இன்று நடுவயதில் இருக்கும் எங்கள் தலைமுறைக்கு இரவை வேறொருவர் கற்பித்தனர். 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது இரவிலே. 1990-இல் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தல் விளக்கின் துளி வெளிச்சத்திலே ஆண்டுக்கணக்காகப் படித்தோம். கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தது இரவிலே. 1995 ஒக்டோபர் 30-ஆம் நாள் மாலை தொடங்கி, மழையிலும் சேற்றிலும், நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமம் முழுவதும் நடந்ததும் இரவிலே. விமானத்தின் ஒலியைத் தொலைவிலேயே பிரித்தறிந்து பங்கருக்குள் இறங்கப் பழகிய காது எங்களுடையது. நாய் குரைக்கும் விதத்தைக் கொண்டு ஒழுங்கையில் வருவது ஊரவனா, சுற்றிவளைப்பா என்று அக்காது தெரிந்துகொண்டது. அக்காலத்தில் விழித்துக்கொண்டவனே பிழைத்தான். பிழைக்கக் கற்ற பாடத்தை உடம்பு எளிதில் மறப்பதில்லை. 2009-இல் போர் முடிந்தது என்ற செய்தியைப் பத்திரிகை படித்து அறியலாம். காது பத்திரிகை படிப்பதில்லை. மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே, போர் எம்மவர் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களை விரிவாக எழுதினார். அவ்வடுக்களுள் பலவற்றை வெளியே காணமுடியாது. இரவிலே அவை புலப்படுகின்றன.

எனினும், எல்லாப் பழியையும் போரின்மீது போட்டுவிடுவதும் சரியன்று. விழிப்புக்குச் சலம் கழிக்கும் உந்தல் காரணமாகலாம். அதன் பின்னே நீரிழிவோ, ஆண்களாயின் புரஸ்தகோள வீக்கமோ இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்கள் உடல் வெதும்பி வியர்த்து விழிக்கின்றனர்; அதனைக் கணவனுக்கும் சொல்லாமல் மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் படுத்துக்கொள்கின்றனர். உரத்த குறட்டையிடையே மூச்சு நின்று திணறி எழுபவர்க்கு அது தனி நோய். இவை யாவும் வைத்தியரிடம் சொல்லத்தக்கன. சொன்னால் தீர வழி உண்டு.

புதிய காரணமொன்றும் சேர்ந்திருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் இரவு 2 மணியாகும்போது, ரொறன்ரோவிலே கோடைக்காலமாயின் முந்திய நாள் பிற்பகல் 4.30 மணி. அங்கே பிள்ளை வேலை முடிந்து வரும் நேரத்தில் இங்கே தாய் தலையணைக்குக் கீழே கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு அரைக்கண் நித்திரை கொள்கின்றாள். அன்பினால் வரும் விழிப்பு இது, யார் குறைகூறுவார்? ஆயினும் இங்கே மாலை 7.30 என்றால் அங்கே காலை 10 மணி. ஞாயிற்றுக்கிழமையில் அந்நேரத்தைப் பேசிவைத்துக்கொண்டால் தாயும் உறங்கலாம். பிள்ளையும் ஆறுதலாகப் பேசலாம்.

விழித்தபின் செய்வது என்ன? முதலாவது, மணிக்கூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தல். மணி பார்த்தவன் மிச்ச நேரத்தைக் கணக்கிடுவான், கணக்கிட்டவன் உறங்கான். இரண்டாவது, கால்மணி நேரம்போலக் கிடந்தும் நித்திரை வராவிடில் எழுந்துவிடுதல். விறாந்தைக் கதிரையிலே மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து, சுவையற்ற நூல் ஒன்றைப் புரட்டலாம். பழைய பாடத்திட்டம் இதற்கு உகந்தது. கண் சொக்கும்போது மட்டுமே கட்டிலுக்குத் திரும்பவேண்டும். கட்டில் என்பது உறங்கும் இடம், புரளும் இடமன்று என உடம்புக்கு மீண்டும் கற்பிக்கும் இம்முறையை 1972-இல் ரிச்சட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்தார். மூன்றாவது, எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல். எங்கள் ஊர்ப் பகல் நித்திரையைச் சுருக்குதலும், மாலைக்குப்பின் தேநீரை விடுதலும் இதனோடு சேரும். இவை போன்ற பயிற்சிகளை ஒழுங்காகத் தொகுத்த சிகிச்சையே நாட்பட்ட நித்திரைக் குறைவுக்கு முதலிற் செய்யத்தக்கது, குளிசை அதன் பின்னரே என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவுறுத்தியது.

அதைவிட முக்கியமானது ஒன்று. 3 மணிக்கு மனம் வழங்கும் தீர்ப்புகளை நம்பாதிருத்தல். உடல்வெப்பம் மிகத் தாழ்ந்து, ஊக்கமும் தாழ்ந்திருக்கும் வேளை அது. அப்போது எழும் கவலைகள் பொய்யல்ல. அவற்றின் அளவே பொய். காலை 8 மணிக்கு ஒரு விண்ணப்பத்தில் அடங்கும் சங்கதி, அந்நேரத்தில் ஆயுள் முழுவதன் தோல்வியாகத் தோன்றும். ஒரு தாளில் இரண்டு சொல் எழுதிவைத்துவிட்டு, வழக்கைக் காலைக்குத் தவணை வைப்பதே அறிவு.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஆண்கள் ஒரு 'கிளாஸ்' குடித்தால் நித்திரை வரும் என்கின்றனர். வரும், பின்னிரவிலே அதுவே எழுப்பியும் விடும். வேறு சிலர் பக்கத்து வீட்டார்க்கு எழுதிக்கொடுத்த குளிசையில் பாதியைக் கடன்வாங்கி விழுங்குகின்றனர். வைத்தியர் அறியாமல் பழகிய நித்திரைக் குளிசையைப் பின்னர் விடுதல் எளிதன்று. வாரக்கணக்காக விடியுமுன் விழித்து, எதிலும் பற்றின்றி, வாழ்வே பாரமென்று தோன்றுமாயின், அது வயதுமன்று, சோம்பலுமன்று. மனச்சோர்வு என்னும் நோய். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அதற்கென உளநலப் பிரிவுகள் உண்டு. அங்கே போவது வெட்கமென்று எண்ணும் மரியாதை எமக்கு வேண்டாம். அம்மரியாதைக்கு நாம் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி விலை கொடுத்துவிட்டோம்.

இறுதியாக, எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். உலகமே உறங்க ஒருத்தி மட்டும் உறங்காதிருப்பதைப் பதுமனார் குறுந்தொகையிலே பாடிவைத்தார். அவள் இளையவள், அவள் துயர் காதல். எங்கள் எழுத்தாளர் போர்க்கால இரவுகளையும் எழுதினர். அவை கூட்டத்தின் இரவுகள். ஐம்பது வயதுத் தபாலதிபரும், இரண்டு பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிய தாயும், தோட்டக்காரரும், கணித ஆசிரியையும் தத்தம் கட்டிலில் தனித்துக் காணும் வைகறை எங்கள் இலக்கியத்தில் அரிதாகவே இடம்பெற்றிருக்கின்றது. சொல் கிடைக்காத அனுபவத்தை மனிதன் தன் தனிக் குற்றமாகவே கருதுவான். அதற்குச் சொல் கொடுப்பது எழுத்தாளர் கடமை. மற்றையோர் கடமை இன்னும் எளிது: நாளைக் காலைத் தேநீர் அருந்தும்போது, இரவு நித்திரை எப்படி என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், கேட்டபின், மறுமொழி முடியும்வரை இருங்கள்.