புது ரைஃபிள் ஜாம் ஆனால் யார் மீது தப்பு? ஏகே-203 வரும் நேரத்தில் இன்சாஸ் சொல்லும் பாடம்

இந்தியக் காலாட்படை வீரரின் தோளில் தொங்கும் ரைஃபிள் மாறிக்கொண்டிருக்கிறது. 1990-களின் கடைசியில் படையில் சேர்ந்த இன்சாஸ் ஓய்வு பெற, அந்த இடத்துக்கு ஏகே-203 வருகிறது. உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி மொத்தம் 6,01,427 ரைஃபிள்கள். மதிப்பு 5,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இத்தனை லட்சம் புதுத் துப்பாக்கிகள் கைக்கு வரும்போது, முதல் சில நூறு ரவுண்டுகளில் சில ஜாம் ஆகத்தான் செய்யும். "புதுசுதானே, நாலு மேகசின் சுட்டா பழகிடும்" என்பது அப்போது வரும் வழக்கமான பதில். பல நேரம் அது சரியான பதில். சில நேரம் அதே பதில் உயிரைப் பறிக்கும் சமாதானம். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கேஸ் பிஸ்டன் எப்படி வேலை செய்கிறது?

தோட்டா வெடிக்கும்போது பேரலுக்குள் பெரும் அழுத்தத்தில் வாயு உருவாகிறது. அதில் ஒரு சிறு பங்கு பேரலில் உள்ள துளை வழியாக மேலே இருக்கும் குழாய்க்குள் போய், அங்குள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தள்ளினால் போல்ட் பின்னால் போகும். போகும்போது காலி உறையை இழுத்து வெளியே எறியும். பின்னால் இருக்கும் ஸ்பிரிங் போல்ட்டைத் திரும்ப முன்னால் தள்ளும். அது மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவை எடுத்து சேம்பரில் செருகும். இத்தனையும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

ஏகே வகையில் பிஸ்டனும் போல்ட்டைத் தாங்கும் பாகமும் ஒன்றாகவே நகரும். பிரிட்டனின் எஸ்ஏ80 போன்றவற்றில் பிஸ்டன் கொஞ்ச தூரமே நகர்ந்து, ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடும். எந்த வகையானாலும் அடிப்படை ஒன்றுதான்: வாயுவின் தள்ளு ஒரு பக்கம், ஸ்பிரிங்கும் உராய்வும் மறுபக்கம். இந்தத் தராசு சாய்ந்தால் துப்பாக்கி நிற்கும்.

புதுசில் ஏன் ஜாம் ஆகிறது?

புது பைக்கை முதல் சர்வீஸ் வரை முறுக்காமல் ஓட்டச் சொல்வார்கள் இல்லையா? அதே கதைதான். உரசும் உலோகப் பரப்புகள் இன்னும் ஒன்றுக்கொன்று பழகியிருக்காது. ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கும். மேகசின் ஸ்பிரிங்கும் அப்படித்தான்; அதனால் முழுதாக நிரப்பிய புது மேகசினைப் பூட்டுவதே சில நேரம் கஷ்டம்.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி கிரீஸை முழுசாகத் துடைக்காமல் சுட்டுவிடுவது. பிஸ்டன் குழாயில் கிரீஸோ எண்ணெயோ இருந்தால் சூட்டில் கரிந்து கார்பனாக ஒட்டிக்கொள்ளும். போல்ட் நகரும் தடங்களில் லேசாக எண்ணெய் வேண்டும். பிஸ்டன் குழாய் உலர்ந்தே இருக்க வேண்டும் என்பது பொது விதி.

எங்கே கோளாறு என்று எப்படித் தெரியும்?

துப்பாக்கி எப்படி நின்றது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

காலி உறை வெளியே போய்விட்டது, ஆனால் அடுத்த தோட்டா சேம்பருக்கு வரவில்லை என்றால், போல்ட் முழுத் தூரம் பின்னால் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். வாயு போதவில்லை, தோட்டாவில் வேகம் குறைவு, அல்லது உராய்வு அதிகம். ஒரே மேகசினில் மட்டும் இது நடந்தால் குற்றவாளி துப்பாக்கி அல்ல, மேகசின்.

காலி உறை சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டால், சேம்பர் அழுக்கையும் உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியையும் பார்க்க வேண்டும். உறையின் விளிம்பு கிழிந்திருந்தால் வாயு அதிகமாகி, போல்ட் அவசரமாக இழுத்திருக்கலாம்.

ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர்கள் பின்பற்றும் ஒழுங்கு எளிமையானது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் மேகசின், பிறகு வேறு தொகுதித் தோட்டா, பிறகு சுத்தமும் எண்ணெயும். வாயு அளவை மாற்றும் ரெகுலேட்டர் இருந்தால் அதைத் தொடுவது கடைசியில்தான். எடுத்தவுடன் ரெகுலேட்டரைத் திருகி வாயுவைக் கூட்டினால் துப்பாக்கி ஓடும். உண்மையான கோளாறு உள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

எது 'பழகினால்' சரியாகாது?

விறைப்பு பழக்கத்தில் சரியாகும். அளவு பிசகு சரியாகாது. முதல் நூறு ரவுண்டில் ஐந்து முறை நின்றது, அடுத்த நூறில் ஒரு முறை, அப்புறம் இல்லை என்றால் அது பழகுகிறது. எண்ணிக்கை குறையவே இல்லை, அல்லது ஒரே மாதிரி ஜாம் பல துப்பாக்கிகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அது வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறை.

சில அறிகுறிகளுக்குப் பொறுமையே கூடாது. உறை வெடித்திருப்பது, வீங்கியிருப்பது, வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் வருவது. மெல்லிய சத்தம் என்றால் குண்டு பேரலிலேயே தங்கியிருக்கலாம். உடனே நிறுத்தி ஆர்மரரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த ரவுண்டு சுட்டால் பேரலே வெடிக்கலாம்.

இன்சாஸ் விஷயத்தில் என்ன நடந்தது?

இன்சாஸும் கேஸ் பிஸ்டன் ரைஃபிள்தான். ஏகே பாணி பிஸ்டன், அதோடு பெல்ஜியத்தின் ஃபால் ரைஃபிள் பாணியில் ஒரு கேஸ் ரெகுலேட்டர். 1999 கார்கில் போரில் குளிரில் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது. துப்பாக்கி ஜாம் ஆகிறது, சுடுபவர் கண்ணில் எண்ணெய் தெறிக்கிறது, மூன்று மூன்றாகச் சுட வேண்டியது நிற்காமல் சுடுகிறது என்றும் புகார்கள் வந்தன. பின்னர் திருத்தங்கள் செய்யப்பட்டன. ஆனால் கெட்டபெயர் போகவில்லை.

2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகளுடன் நடந்த மோதலில் அந்நாட்டு வீரர்கள் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீண்ட சண்டையின் நடுவில் இன்சாஸ் செயலிழந்ததாக நேபாள ராணுவம் குற்றம் சாட்டியது. முறையாகக் கையாளாததுதான் காரணமாக இருக்கலாம், வேண்டுமானால் பயிற்சி தருகிறோம் என்றது இந்தியத் தரப்பு. துப்பாக்கி மீது தப்பா, சுட்டவர் மீது தப்பா என்பதை அறிக்கைப் போரில் தீர்க்க முடியாது. துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்து, பதிவேட்டைப் புரட்டித்தான் தீர்க்க முடியும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவின் எம்16-இல் தனி பிஸ்டன் கிடையாது. வாயு நேராகவே போல்ட் பகுதிக்குப் போகும். ஆனால் பாடம் ஒன்றே. வியட்நாமில் அது ஜாம் ஆகி வீரர்கள் இறந்தபோது முதலில் பழி விழுந்தது, சுத்தம் செய்யாத வீரர்கள் மீது. 1967-இல் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தபோது, தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியதும் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. துடைக்கத் தேவையான கருவிகளே பலருக்குப் போய்ச் சேரவில்லை.

பிரிட்டனின் எஸ்ஏ80, 1985-இல் படைக்கு வந்தது. 1991 வளைகுடாப் போரின் மணலில் அது திணறியது. புகார்களை ஏற்று முழுமையாகச் சீரமைக்க 2000 வரை ஆனது. போல்ட், எக்ஸ்ட்ராக்டர், கேஸ் பாகங்கள், மேகசின் என்று பலவற்றை ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் மாற்றியது. சுமார் 2 லட்சம் துப்பாக்கிகள், செலவு சுமார் 9.2 கோடி பவுண்ட். பழக்கத்தில் சரியாகிற கோளாறுக்கு யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள்.

அப்படியானால் ஏகே-203?

ஏகே வடிவமைப்பு பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வாயு எடுத்துக்கொள்வதால் அழுக்கிலும் ஓடும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தயாரிக்கும் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' இதே ஏகே குடும்பம்தான்.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ஏகே-203-இன் பாகங்கள் படிப்படியாக உள்நாட்டுத் தயாரிப்புக்கு மாறுகின்றன. ஸ்பிரிங் செய்யும் கம்பெனி மாறினால், பேரல் எஃகு மாறினால், தோட்டா தயாரிக்கும் ஆலை மாறினால், அந்தத் துப்பாக்கி மறுபடியும் 'புதுசு'தான். தராசு திரும்ப ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். பழகுவது துப்பாக்கி மட்டும் அல்ல, தொழிற்சாலையும்தான்.

அதனால் ஒவ்வொரு ஜாமும் எழுதப்பட வேண்டும்: துப்பாக்கி எண், மேகசின் எண், தோட்டாத் தொகுதி, எத்தனையாவது ரவுண்டில், எப்படி நின்றது. அந்தக் குறிப்பு யூனிட்டின் அலமாரியில் தூங்காமல் கோர்வா வரை போய்ச் சேர வேண்டும். தனிநபர் இப்படிப்பட்ட தானியங்கி ஆயுதம் வைத்திருக்க நம் நாட்டில் சாதாரண உரிமம் கிடையாது. வீரருக்கோ கொடுத்ததைத் தவிர வேறு துப்பாக்கி கிடையாது. "பழகிடும்" என்ற பதிலை நம்பலாமா என்பதை அவர் எல்லையில் போய் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. சுடுதளத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.