பெற்றுப் பிழைத்தால் போதுமா?

திருவண்ணாமலை அரசு மருத்துவமனையிலிருந்து தாயும் பிள்ளையும் 102 வண்டியில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் சொந்தபந்தம் நிம்மதி அடைந்துவிடுகிறது. "நல்லபடியா பெத்துப் பொழைச்சிட்டா, இனி கவலையில்லை" என்கிறார்கள். உயிரைப் பறிக்கிற நம்பிக்கை இது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெரும் சாதனைதான். ஆனால் கிருமித்தொற்றும் ரத்தக் கொதிப்பும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கண்டு விலகிப் போவதில்லை. முதல் 28 நாட்களுக்குள் இறக்கும் சிசுக்களில் ஏறத்தாழ முக்கால்வாசி முதல் வாரத்திலேயே இறக்கின்றன.

"பச்சை உடம்புக்காரியைப் பெரியவங்க பாத்துக்குவாங்க" என்பார்கள். பத்தியச் சோறும் ஓய்வும் அவர்கள் தரும் அருமையான கவனிப்பு, மறுக்கவில்லை. ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் சில வீடுகளில் அவர்கள் சொல்படிதான் நடக்கிறது. அனுபவம் மட்டும் போதாது. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்க்க வேண்டும். அறுபதோ அதற்கு மேலோ போனால் ஆபத்து. இதை எண்ணத் தெரிந்தவர் வீடு தேடி வர வேண்டும்.

வந்தால் பிள்ளைகள் பிழைக்கும் என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து நிரூபித்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு அங்கே பாதிக்கும் மேல் குறைந்ததை 1999இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 2009இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வீடு தேடிச் செல்வதைக் கொள்கையாகவே பரிந்துரைத்தன. 2011இல் இந்தியா 42 நாட்களில் ஆறு வருகைகள் என்று திட்டம் வகுத்தது. பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும், ஆறு வாரத்துக்குள் மேலும் மூன்று பரிசோதனைகளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

கொள்கைக்குப் பஞ்சமில்லை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டிய குக்கிராமத்துக்கு ஏறிப்போக ஆளும் வண்டியும் படிக்காசும்தான் வேண்டும். பச்சிளங்குழந்தை இறப்பை 2030க்குள் ஆயிரத்துக்கு 12 ஆகக் குறைப்பதாக உறுதி தந்த உலக நாடுகளும், நிதி தரும் அமைப்புகளும், நம் அரசும் மருத்துவமனைப் பிரசவங்களை மட்டும் எண்ணி நிறுத்திக்கொள்ளக் கூடாது. எத்தனை வீடுகளுக்குச் செவிலியர் போனார் என்பதையும் எண்ணட்டும், அதற்கும் பணம் ஒதுக்கட்டும்.

உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்திருந்தால் செவிலியர் எப்போது வருவார் என்று கேளுங்கள். வராவிட்டால் விடாதீர்கள். 42 நாள் கவனிப்பு சலுகையல்ல, தாயின் உரிமை.