ஸ்பிரிங் வாங்க முதல் டிக்கியைத் திறந்து பாருங்கோ

எங்கட சமையலறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் போன கிழமை போனை நீட்டி, "அண்ணை, இந்த ஸ்பிரிங் போட்டால் கார் ரெண்டு இஞ்சி பதியும். நல்ல வடிவா இருக்கும். வாங்கட்டோ?" என்று கேட்டார். பழைய ஹொண்டா சிவிக். நான் விலையைக் கேட்கவில்லை. "சனி, ஞாயிறில பின்னுக்கு என்ன ஏத்துறனீர்?" என்றுதான் கேட்டேன்.

விடை இரண்டு பேருக்கும் தெரியும். எடிசனில் இருந்து பிரிட்ஜ்வோட்டர் வரைக்கும் சோற்றுத் தட்டங்கள், சாம்பார் வாளிகள். மற்ற நாட்களில் பின் சீட்டில் அம்மாவும் அப்பாவும்.

ஸ்பிரிங் தெரிவு இந்தக் கேள்வியில்தான் தொடங்கவேண்டும். பின் ஸ்பிரிங் ஒன்று ஒரு இஞ்சி அமுங்க 150 இறாத்தல் பாரம் வேண்டும் என்று வைப்போம். பின்பக்கத்தில் 300 இறாத்தல் ஏற்றினால் இரண்டு ஸ்பிரிங்கும் பகிர்ந்து கார் ஏறத்தாழ ஒரு இஞ்சி இறங்கும். ஏற்கெனவே இரண்டு இஞ்சி பதித்த காரில் அதுவும் போனால், பனிக்காலம் முடிய நியூ ஜேர்சி ரோட்டில் வருகிற குழிகளுக்கு மிச்ச இடம் எங்கே? உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். வளைவில் இடித்தால் ரயர் பிடி விடவும் கூடும்.

அதனால்தான் பதிக்கும் ஸ்பிரிங்குகளைக் கூடுதல் இறுக்கமாகச் செய்கிறார்கள். என்ர படிப்பு பாதியில் நின்றாலும் இந்தக் கணக்கு மறக்கவில்லை: கம்பியின் தடிப்பு 10 வீதம் கூடினால் இறுக்கம் 46 வீதம் கூடும். ஆனால் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், துள்ளலை அடக்குவது சொக் அப்சோபர். பழைய சொக்கோடு இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் கார் துள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பொருத்தம் பார்த்து ஒன்றாக மாற்றவேண்டும். பிறகு சில்லு நேர் பார்க்கவும் வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் காசு மிச்சம் என்று சொல்லும் ஆட்களும் இருக்கினம். ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் 25 வீதம் இறுகும், உண்மை. ஆனால் வெட்டிய முனை அதற்குரிய இருக்கையில் சரியாகக் குந்தாது. சில்லு கீழே தொங்கும்போது கழன்று விலகலாம்.

ஊரில் மொறிஸ் மைனருக்குப் பின்னால் தகட்டு வில்லு. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் ஆளும் மூட்டையுமாக அடைந்தார்கள். பாரம் கூடினால் ஒரு தகடு கூட்டிப் போடுவார்கள். பாரத்தைப் பார்த்துத்தான் வில்லு, பார்வைக்கு அல்ல.

இங்கே 2010 ஓகஸ்டுக்குப் பிறகு சாதாரண கார்களுக்குப் புகைப் பரிசோதனை மட்டும்தான். பிறேக், ஸ்பிரிங் ஒன்றையும் அரசாங்கம் பார்ப்பதில்லை. அதைச் சிலர் சுதந்திரம் என்கிறார்கள். எனக்கு அது பொறுப்பு எங்கட தலையில் விழுந்த நாள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: பாரம் ஏற்றும் காருக்குக் கொம்பனி உயரமே போதும். ஆசை அடங்காவிட்டால் ஒரு இஞ்சி, பொருத்தமான சொக்கோடு. இரண்டு இஞ்சி வேண்டுமென்றால் சாம்பார் வாளிக்கும் அம்மா அப்பாவுக்கும் வேறு வாகனம் பாரும்.

முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை.